கைநாட்டும் கைப்பேசியும்: முதியோர் எழுத்தறிவுக்கும் தொழில்திறனுக்கும் இணையம் தரும் துணை

எழுத்தறிவு என்பது யாது என்னும் வினா எளிதாகத் தோன்றினும் அதன் விடை அத்துணை எளிதன்று. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, ஏழு வயதும் அதற்கு மேலும் உடைய ஒருவர் ஏதேனும் ஒரு மொழியில் பொருளுணர்ந்து படிக்கவும் எழுதவும் வல்லவராயின் அவரை எழுத்தறிவு பெற்றவர் எனக் கொள்கிறது. பள்ளிக்குச் சென்றிருத்தல் வேண்டும் என்பதோ தேர்வெழுதியிருத்தல் வேண்டும் என்பதோ நிபந்தனை அன்று. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 80 பேர் எழுத்தறிவு பெற்றோர். ஆண்களில் இத்தொகை ஏறத்தாழ 87, பெண்களில் 73. எஞ்சியோர் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர் என்பதை எண்ணும்போது நூற்றுக்கு எண்பது என்னும் கணக்கு நமக்கு நிறைவு தருவதாக இல்லை.

கணக்கெடுப்போர் எவரையும் படித்துக் காட்டுமாறு கேட்பதில்லை. வீட்டார் கூறும் விடையே பதிவாகிறது. ஆகவே, தம் பெயரை மட்டும் வரைந்து பழகியவரும், நாளிதழை ஐயமின்றிப் படிப்பவரும் ஒரே கட்டத்துள் அடங்கிவிடுகின்றனர். கைநாட்டு வைத்தவர் கையெழுத்திடக் கற்றபின் ஊரார் பார்வையில் உயர்கிறார். ஆயினும் அவர் எதன்கீழ்க் கையெழுத்திடுகிறார் என்பதை அறிய இயலாதவரை அவருடைய நிலையில் மாற்றம் ஏதும் இல்லை. சில நேரங்களில் கைநாட்டைவிடக் கையெழுத்தே பெருங்கேட்டுக்கு வழியாகும்; ஏனெனில், 'படித்துப் பார்த்தே ஒப்பமிட்டார்' என்று பிறர் வாதிட அது இடம் தருகிறது.

இவ்வேறுபாட்டை உலகம் முன்பே உணர்ந்தது. 1965-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ஈரானின் தெஹ்ரான் நகரில் கல்வி அமைச்சர்களின் உலக மாநாட்டை யுனெஸ்கோ கூட்டியது. அம்மாநாடு தொடங்கிய செப்டம்பர் 8-ஆம் நாளே இன்று உலக எழுத்தறிவு நாளாகக் கொண்டாடப்படுகிறது. தொழிலோடும் வாழ்வோடும் இணைந்த எழுத்தறிவே நிலைக்கும் என்னும் கருத்து அங்கு வலியுறுத்தப்பட்டது. இதனைப் 'பயன்பாட்டு எழுத்தறிவு' என நாம் வழங்கலாம். ஈண்டு நாம் ஆராயப் புகுவது இவ்வகை எழுத்தறிவுக்கு இணையம் எவ்வளவு துணை செய்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதையே.

அரபுத்தமிழ் அறிந்த பாட்டியர்

பொருளுக்குள் நுழையுமுன் நம் வீடுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் தமிழை அரபு எழுத்துகளால் எழுதும் முறை நெடுங்காலம் வழக்கில் இருந்தது. தமிழுக்கே உரிய ஒலிகளைக் குறிக்க அரபு எழுத்துகளின்மேல் சில குறிகளைக் கூட்டி அமைத்துக்கொண்ட அவ்வெழுத்துமுறையை அரபுத்தமிழ் என்கிறோம். மார்க்க நூல்கள், மாலைகள், மருத்துவக் குறிப்புகள், குடும்பக் கடிதங்கள் எனப் பலவும் அதில் எழுதப்பட்டன. வீட்டை விட்டு அதிகம் வெளிவராத பெண்டிர் பலர் அதனைத் தடையின்றிப் படித்தனர். அவர்களிடம் "உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?" என்று கேட்டால், தமிழ் எழுத்தை மனத்திற்கொண்டு "தெரியாது" என்றே விடை கூறியிருப்பர்.

பழம்பெருமை பேசுவதற்காக இதனைக் கூறவில்லை. முதியோருக்குக் கற்பிக்கப் புகும் எவரும் கருதத்தக்க உண்மை ஒன்று இதில் உண்டு. ஓர் எழுத்து ஓர் ஒலியைக் குறிக்கும் என்பதை ஒருமுறை உணர்ந்த மனம், மற்றோர் எழுத்துமுறையை விரைந்து பற்றிக்கொள்ளும். மதரசாவில் அரபு எழுத்துக் கூட்டிப் படித்த ஒருவர் தமிழ் எழுத்தறியாதவராயினும் வெறுந்தாள் அல்லர். அவரிடம் 'அ' என்னும் எழுத்தை அலிஃபோடு ஒப்பிட்டுக் காட்டலாம். வலமிருந்து இடமாகச் செல்லும் கண்ணை இடமிருந்து வலமாகத் திருப்பப் பழக்கலாம். இன்றுள்ள எந்தச் செயலியும் இதனைச் செய்வதாக நாம் அறியவில்லை. மனித ஆசிரியரே செய்தல் கூடும்.

அறிவொளிக் காலமும் அதன்பின்னும்

1988-ஆம் ஆண்டு மே மாதம் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கப்பெற்றது. 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு எய்தியதாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, 1991 ஏப்ரல் 18 அன்று, கோழிக்கோட்டில் கேரளம் முழுவதும் அந்நிலை எய்தியதாக அறிவித்தவர் அமைச்சரோ அதிகாரியோ அல்லர். மலப்புறம் மாவட்டத்தைச் சேர்ந்த, அப்போதுதான் எழுத்தறிவு பெற்றிருந்த சேலக்காடன் ஆயிஷா என்னும் முதிய பெண்மணியே ஆவார். அதே மாவட்டத்தின் வெள்ளிலக்காட்டில், பதின்பருவத்தில் கால்கள் செயலிழந்த கே. வி. ராபியா 1990-இல் தம் வீட்டிலேயே முதியோர்க்கு வகுப்புத் தொடங்கினார். சக்கர நாற்காலியிலிருந்து அவர் ஆற்றிய பணிக்கு 2022-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2025-இல் அவர் மறைந்தார்.

தமிழ்நாட்டில் இவ்வியக்கம் அறிவொளி என்னும் பெயரால் பரவியது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ஆம் ஆண்டு, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் காலத்தில், எழுத்துப் பயிற்சியோடு மிதிவண்டிப் பயிற்சியும் பெண்களுக்கு அளிக்கப்பட்டது. கல்குவாரியில் உழைத்த பெண்களும் வயல்வேலை செய்த பெண்களும் மிதிவண்டி ஏறித் தாமே சந்தைக்கும் வகுப்புக்கும் சென்றனர். எழுத்தோடு வாழ்வுத்திறன் ஒன்றைச் சேர்த்துத் தந்தால் இரண்டும் நிலைக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தமிழகத்தில் இல்லை எனலாம்.

அக்காலப் பாடமுறை மூன்று நூல்களையும் ஏறத்தாழ 200 மணி நேரப் பயிற்சியையும் கொண்டது. ஒவ்வொரு நூலுக்குள்ளேயே கற்பவர் தம்மைத் தாமே அளந்துகொள்ளும் தேர்வுகளும் அமைந்திருந்தன. முறை நன்று, ஆனால் மூன்றாம் நூல் முடிந்தபின் படிப்பதற்கு என்ன இருந்தது? சிற்றூர்களில் அச்சிட்ட தாள் அரிதாகவே கிடைத்தது. பயிலாத எழுத்து மறையும். 200 மணி நேரத்தில் பெற்றதைச் சில ஆண்டுகளில் இழந்தோர் பலர். அச்சுச் செலவும் விநியோகச் செலவும் இன்றிப் படிக்கும் பொருளை நாள்தோறும் தரவல்ல கருவி ஒன்று அன்று இருந்திருப்பின் நிலைமை வேறாயிருக்கும். இன்று அக்கருவி பெரும்பாலோர் சட்டைப்பையிலும் முந்தானை முடிச்சிலும் இருக்கிறது.

கணினி நுழைந்த கதை

2000-ஆம் ஆண்டில் டாட்டா கன்சல்டன்சி நிறுவனம், இந்தியக் கணினித் துறையின் முன்னோடியான எஃப். சி. கோலி அவர்களின் முனைப்பால், கணினிவழி எழுத்தறிவுத் திட்டம் ஒன்றை அன்றைய ஆந்திரத்தின் மேடக் மாவட்டத்தில் தெலுங்கில் தொடங்கியது. பின்னர் அது தமிழ் உள்ளிட்ட பிற மொழிகளுக்கும் விரிந்தது. அலுவலகங்கள் கழித்த பழைய கணினிகளையே பயன்படுத்தினர். எழுத்துகளை ஒவ்வொன்றாக எழுதிப் பழகுவதை விடுத்து, படமும் ஒலியும் இணைந்த சொற்களைக் கண்டு அடையாளம் காணச் செய்தனர். ஏறத்தாழ 40 மணி நேரத்தில் சில நூறு சொற்களைப் படிக்கும் ஆற்றல் வரும் என்பது அதன் குறிக்கோள். எழுதுதலை அது முதலில் வற்புறுத்தவில்லை.

தமிழாசிரியர்க்கு இங்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. எழுத்தறியாமல் சொல்லறிதல் கூடுமோ? நம் நெடுங்கணக்கில் எழுத்துகள் 247 என்று முதல் நாளே சொன்னால் ஐம்பது வயதுக் கற்பவர் மறுநாள் வாரார். உண்மையில் அவர் கண் பழக வேண்டிய வடிவங்கள் மிகக் குறைவு. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று. கால், கொம்பு, சுழி முதலிய துணைக்குறிகள் சில. உகர ஊகாரங்கள் ஏறிய உயிர்மெய்களே இடர் தருபவை. கு, சு, து, பு, மு என ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வளைவைக் கொண்டுள்ளமையால் இவ்விரு வரிசைகளுக்கு மட்டும் தனிப் பயிற்சி வேண்டும். 1978-ஆம் ஆண்டு அக்டோபரில் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ணை, லை, னா, றா போன்றவற்றின் பழைய சிறப்பு வடிவங்களை நீக்கியது. பெரியார் முன்பே கையாண்ட அம்மாற்றத்தால் பெரும்பயன் எய்தியோர் பண்டிதர் அல்லர். இவ்வாறு முதிய வயதில் கற்போரே. ஆகவே நாம் சொல்லையும் எழுத்தையும் எதிரெதிராக நிறுத்த வேண்டுவதில்லை. சொல்லில் தொடங்கி எழுத்துக்கு வருதலே முதியோர்க்கு ஏற்றது என்பது நம் துணிபு.

2002 நவம்பரில் மலப்புறத்தில் 'அட்சயா' திட்டத்தை அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் தொடங்கி வைத்தார். குடும்பத்துக்கு ஒருவரேனும் கணினியை இயக்கக் கற்க வேண்டும் என்பதே அதன் இலக்கு. ஊர்தோறும் மையங்கள் எழுந்தன. பிள்ளைகளும் கணவன்மாரும் வளைகுடாவில் இருந்தமையால், இணையவழி முகம் பார்த்துப் பேசலாம் என்னும் ஆவலே பல தாய்மாரையும் மனைவியரையும் அம்மையங்களுக்கு இழுத்து வந்தது. பாடத்திட்டம் வகுப்போர் எண்ணிப் பார்க்காத தூண்டுதல் இது.

அதன் தொடர்ச்சியாகவே 2025 ஆகஸ்டு 21 அன்று கேரளம் தன்னை முழு மின்னணு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவித்தது. ஏறத்தாழ 22 லட்சம் பேர் தொண்டர்களிடம் கைப்பேசிப் பயிற்சி பெற்றனர். அவர்களுள் பெரும்பாவூர்ப் பகுதியைச் சேர்ந்த 105 வயது மௌலவி ஒருவரும் உண்டு. அவர் பெயரோடு இணைந்த 'பாகவி' என்னும் பட்டம் வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரியில் பயின்றோர்க்கு உரியது என்பதைத் தமிழக வாசகர்க்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

நாணத்தைக் காக்கும் திரை

முதியோர் கல்விக்குப் பெருந்தடை நேரமின்மை என்பர். நாணமே அதனினும் பெரிய தடை என்பது நம் கருத்து. வளர்ந்த நாடுகளும் இதற்கு விலக்கல்ல. இங்கிலாந்தில் 1999-ஆம் ஆண்டு சர் கிளாஸ் மோசர் தலைமையிலான குழு அளித்த அறிக்கை, வயது வந்தோரில் ஐவரில் ஒருவர் தொலைபேசிக் கையேட்டின் அகர வரிசையில் குழாய்ப்பணியாளர் இருக்கும் பக்கத்தைக் கண்டறிய இயலாதவர் எனக் கூறி அந்நாட்டையே திடுக்கிடச் செய்தது. கட்டாயக் கல்விச் சட்டம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நடைமுறையில் இருந்த நாடு அது!

அங்கு பி.பி.சி. நிறுவனம் 1975-லேயே எழுத்தறியா முதியோர்க்கெனத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றை ஒளிபரப்பியது. பின்னர் இணையம் வந்தபோது 'ஸ்கில்ஸ்வைஸ்' என்னும் பெயரில் படித்தல், எழுதுதல், எழுத்துக்கூட்டல், கணக்கு ஆகியவற்றுக்குச் சிறு பாடங்களையும் பயிற்சித் தாள்களையும் இலவசமாக வழங்கியது. அவற்றின் சிறப்பு, உள்ளடக்கம் முதியோர்க்கு உரியதாக இருந்தமையே. கணக்குப் பாடத்தில் மாம்பழமும் பொம்மையும் வாரா. கூலியும் அளவுநாடாவும் வரும். ஒருவர் தம் அறையில் தனியே அமர்ந்து பத்து முறை தவறு செய்யலாம், நகைப்பார் இல்லை. வகுப்பறை தர இயலாத இந்தத் தனிமையே இணையம் முதியோர்க்கு அளிக்கும் முதற்கொடை.

இன்று தமிழில் கிடைப்பவை

நடுவண் அரசின் 'புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம்' 2022 முதல் 2027 வரையிலான ஐந்தாண்டுக் காலத்துக்கு வகுக்கப்பட்டது. பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரில் ஐந்து கோடிப் பேரை எட்டுவது இதன் இலக்கு. எண்ணும் எழுத்தும் மட்டுமன்றி, பணக் கையாளுகை, மின்னணு அறிவு, உடல்நலம், தொழில்திறன் ஆகியவையும் இதில் அடங்கும். 2023 ஜூலையில் 'உல்லாஸ்' என்னும் செயலி வெளியிடப்பட்டது. அதில் கற்பவரும் கற்பிக்கும் தொண்டரும் பதிவு செய்துகொள்ளலாம். பாடங்கள் 'திக்ஷா' தளத்தில் கிடைக்கும். பயிற்சி முடிவில் நடைபெறும் தேர்வு படித்தல், எழுதுதல், கணக்கு ஆகிய மூன்றுக்கும் ஐம்பது வீதம் 150 மதிப்பெண்களுக்கு உரியது. தொண்டர்க்கு ஊதியம் இல்லை. இத்திட்டத்தின் வலுவும் நலிவும் இந்த ஒரு செய்தியிலேயே அடங்கியுள்ளன.

2001-ஆம் ஆண்டு தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தோன்றி, பின் தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் மாறிய நிறுவனத்தின் தளத்தில், புலம்பெயர்ந்தோர் குழந்தைகளுக்காக அமைத்த மழலைப் பாடங்கள் ஒலியுடன் உள்ளன. எழுத்தின் ஒலியைச் செவியால் கேட்க இவை முதியோர்க்கும் உதவும். ஆயினும் மழலைப் பாடலையும் அணிற்படத்தையும் பேரன் பேத்தி எடுத்த ஒருவர் முன் வைப்பது அவரை மதிப்பதாகாது. கூகுள் நிறுவனம் 2019-இல் இந்தியாவில் வெளியிட்ட வாசிப்புச் செயலியும் இவ்வகையினதே. உரத்துப் படிப்பதைக் கேட்டுப் பிழை திருத்தும் அதன் நுட்பம் வியக்கத்தக்கது. கதைகளோ சிறார்க்கு உரியவை. தொழில்நுட்பம் ஆயத்தமாக உள்ளது. முதியோர்க்கு உரிய தமிழ் வாசகமே இல்லை. இக்குறையைப் பொறியாளர் தீர்த்தல் அரிது. தமிழ்த் துறையினரே தீர்த்தல் வேண்டும்.

தொழிற்பயிற்சியைப் பொறுத்தவரை, சென்னைக் கிண்டியில் 1986 முதல் இயங்கும் தேசியப் பயிற்றுவிப்பு ஊடக நிறுவனம் குறிப்பிடத்தக்கது. மின்பணியாளர், பொருத்துநர், பற்றவைப்போர் முதலிய தொழிற்பிரிவுகளுக்கான ஐ.டி.ஐ. நூல்களை அது தமிழிலும் வெளியிடுகிறது. 'பாரத் ஸ்கில்ஸ்' தளத்தில் இப்பிரிவுகளுக்குரிய வினா வங்கிகளும் காணொளிகளும் உள்ளன. 2023 செப்டம்பரில் தொடங்கிய திறன் இந்தியா மின்னணு மையம் பயிற்சியையும் வேலைவாய்ப்பையும் ஒருங்கே தர முயல்கிறது. எட்டாம் வகுப்பேனும் கற்றவர்க்கு இவை பெருந்துணையாகும். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்க்கு இத்தளங்களின் முதற்பக்கமே மதில்போல் நிற்கும். ஆங்கிலத்தில் பெயர், ஆங்கிலத்தில் கடவுச்சொல், கைப்பேசிக்கு வரும் கடவெண்ணை உரிய நேரத்துக்குள் இடுதல் எனத் தடைகள் வாயிலிலேயே வரிசையாக உள்ளன. எழுத்தறிவிக்க வந்த தளத்துக்குள் நுழைய எழுத்தறிவு வேண்டும் என்பது விந்தையன்றோ?

சம்பளச் சீட்டு என்னும் பாடநூல்

பணியிடத்துக்கு வருவோம். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளின் தோல் மற்றும் காலணித் தொழிற்சாலைகளில் பல்லாயிரம் பேர் பணிபுரிகின்றனர். காலணி தைக்கும் பிரிவுகளில் பெண்களே மிகுதி. அவர்கட்கு மாதந்தோறும் கிடைக்கும் சம்பளச் சீட்டைப் போன்ற பாடநூல் பிறிதில்லை. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம்.

ஒருவருக்கு அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து ரூ. 12,000, பிற படிகளும் சேர்த்து மொத்தம் ரூ. 14,000 என்று கொள்வோம். வருங்கால வைப்பு நிதிக்குப் பிடிப்பது 12 விழுக்காடு. நூற்றுக்குப் பன்னிரண்டு எனில் ஆயிரத்துக்கு 120, பன்னிரண்டாயிரத்துக்கு ரூ. 1,440. ஈ.எஸ்.ஐ. எனப்படும் மாநிலக் காப்பீட்டுக்குத் தொழிலாளியிடம் பிடிப்பது 0.75 விழுக்காடு. அதாவது ஆயிரத்துக்கு ஏழரை ரூபாய், பதினாலாயிரத்துக்கு ரூ. 105. பிடித்தம் இவ்விரண்டே எனில் கைக்கு வர வேண்டியது ரூ. 12,455. பெருக்கலும் கழித்தலும் அன்றி இதில் வேறு கணக்கு இல்லை.

பிடித்த பணம் உரிய இடம் சேர்ந்ததா என்பதே அடுத்த வினா. வைப்பு நிதி அமைப்பின் தளத்திலும், 2017-இல் தொடங்கிய 'உமங்' செயலியிலும் தம் கணக்கேட்டைக் காணலாம். அங்கே பலர் மயங்குவதுண்டு. முதலாளியும் அதே 12 விழுக்காடு செலுத்த வேண்டும் என்று கேள்விப்பட்டவர், முதலாளியின் பங்கு என்னும் பத்தியில் ரூ. 440 மட்டுமே இருக்கக் கண்டு தம்மை ஏமாற்றிவிட்டதாக எண்ணுவர். முதலாளியின் ரூ. 1,440-இல் 8.33 விழுக்காட்டுக்குரிய ரூ. 1,000 ஓய்வூதிய நிதிக்குச் செல்கிறது. அது மூன்றாம் பத்தியில் காணப்படும். எஞ்சிய 440 இரண்டாம் பத்தியில் நிற்கும். மூன்று பத்திகளின் தலைப்பையும் படிக்கத் தெரிந்தவர் வீண் சினம் கொள்ளார். ஒரு மாதம் மூன்று பத்திகளும் வெறுமையாக இருப்பின் உரிய இடத்தில் முறையிடவும் அறிவார். ஊதியத்தில் பிடித்துவிட்டு நிதியில் செலுத்தாத இடங்கள் இல்லாமல் இல்லை.

பணத்தினும் உயிர் பெரிது. தோலிலிருந்து மயிர் நீக்கப் பயன்படும் சோடியம் சல்பைடு அமிலத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு எழும். மூடிய தொட்டிகளில் நொடிப்பொழுதில் உயிர் கவரும் வாயு அது. வேதிப்பொருள் பீப்பாய்களின்மேல் சிவப்புச் சாய்சதுரக் கட்டத்துள் மண்டை ஓடும், கையை அரிக்கும் துளியும், தீயும் வரையப்பட்டிருத்தலைப் பலரும் கண்டிருப்பர். ஐக்கிய நாடுகள் அவை 2003-இல் வெளியிட்ட உலகப் பொது அடையாள முறையைச் சேர்ந்தவை அவை, மொத்தம் ஒன்பது. எழுத்தறியாதவரும் ஒரே மாலையில் கற்கக்கூடியவை. கைப்பேசியில் ஒன்பது படங்களையும் சேமித்து வைத்து, தம் தொழிற்கூடத்தில் எந்தப் படம் எந்தப் பீப்பாயில் உள்ளது எனக் கண்டுவருமாறு பணித்தால் அது நல்லதொரு வீட்டுப்பாடமாகும்.

வங்கிக் குறுஞ்செய்தியைப் பற்றியும் ஒரு சொல். பற்று எது, வரவு எது என்பதைக் குறிக்கும் இரண்டு ஆங்கிலச் சொற்களை வடிவமாகவேனும் அறிந்திருத்தல் வேண்டும். கைப்பேசிவழிப் பணம் பெறுவதற்கு இரகசிய எண்ணை இட வேண்டுவதே இல்லை. பணம் அனுப்பும்போது மட்டுமே இட வேண்டும். இந்த ஒரு விதியை அறியாமையால் சேமிப்பை இழந்தோர் பலர்.

கடல் கடந்து செல்வோர்

நம் சமுதாயத்தில் வளைகுடா செல்லாத குடும்பம் அரிது. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ், பத்தாம் வகுப்புத் தேறாதவரின் கடவுச்சீட்டு பொதுவாகக் குடிபெயர்வுச் சோதனைக்கு உரியதாகக் குறிக்கப்படுகிறது. குறித்த சில நாடுகளுக்கு வேலைக்காகச் செல்லும்போது அவர் முன் அனுமதி பெற வேண்டும். கல்வி குறைந்தவரை ஏமாற்றுக்காரரிடமிருந்து காப்பதே இதன் நோக்கம். அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் பதிவு பெற்ற முகவர்களின் பட்டியல் உள்ளது. பணம் கட்டுமுன் முகவரின் பெயர் அப்பட்டியலில் உண்டா எனப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தைச் செலவிடாமல் வீட்டு நகையை அடகு வைத்தோரை ஊர்தோறும் காணலாம்.

ஐக்கிய அரபு அமீரகம் 2016 ஜனவரி முதல், வேலை வழங்கும் கடிதம் அரபு, ஆங்கிலம் இவற்றோடு தொழிலாளி அறிந்த மூன்றாம் மொழியிலும் இருத்தல் வேண்டும் என விதித்தது. அம்மூன்றாம் மொழிகளுள் தமிழும் ஒன்று. ஓர் அயல்நாட்டரசு நம் தொழிலாளிக்காகத் தமிழில் தாள் தர முன்வந்தது. அத்தாளை அவர் படிக்க மாட்டாராயின், முகவர் வாயால் சொன்னதே அவர்க்கு ஒப்பந்தமாகும். வேலையின் பெயர், அடிப்படை ஊதியம், வேலை நேரம், விடுப்பு, தங்குமிடம், திரும்பும் பயணச்செலவு ஆகிய ஆறு செய்திகளைத் தேடிப் படிக்கும் திறனே இவ்வகைக் கற்பவர்க்கு முதற்பாடமாக அமைதல் வேண்டும். அகர வரிசை பின்னர் வரலாம்.

துறைகள் செய்யத்தக்கன

'இனிக் கைப்பேசியே படித்துக் காட்டுகிறது, வாயால் சொன்னால் எழுதியும் தருகிறது, எழுத்தறிவு எதற்கு?' என வினவுவோர் உளர். உரையைப் பேச்சாக்கும் நுட்பம் பார்வையற்றோர்க்கும் எழுத்தறியாதோர்க்கும் பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. ஆனால் எண்ணையும் பெயரையும் அது தவறாகப் படிக்கும்போது தவறென்று அறிவதற்கும், சம்பளச் சீட்டின் மூன்றாம் பத்தியைப் பக்கத்தில் நிற்பவர் செவியில் விழாமல் தாமே காண்பதற்கும் கண்ணால் படிக்கும் ஆற்றலே வேண்டும். தம் வரவு செலவைப் பிறரறிய உரத்துக் கேட்க விரும்புவோர் யார்?

தமிழ்த் துறைகள் மேற்கொள்ளத்தக்க பணி இங்கே உள்ளது. பாரதப்போர்ச் சுருக்கமும் சீறாப்புராணச் சுருக்கமும் எழுதிப் பழகிய மாணவர், ஐம்பது சொல் கொண்ட வாசகங்களை எழுதிப் பழகலாம். நியாயவிலைக்கடை அறிவிப்பு, மருந்துச் சீட்டின் மேலுள்ள குறிப்பு, வேலை விளம்பரம், பேருந்து வழித்தடம், மகன் அனுப்பிய செய்தி ஆகியன பொருளாகலாம். சொற்றொடர் ஏழு சொல்லைத் தாண்டாமல், சந்தி பிரித்து, கூட்டெழுத்தின்றி, பெரிய எழுத்தில் அமைத்தல் வேண்டும். இது காண எளிது. செய்து பார்த்தால் வெண்பா யாத்தலினும் கடிது. மாணவர் ஒருவரே அதனை உரக்கப் படித்துப் பதிந்து எழுத்தோடு சேர்த்து அனுப்பினால், கற்பவர் செவியும் கண்ணும் ஒருங்கே பழகும். இதற்குத் தனித்தளமோ பெருஞ்செலவோ வேண்டா. முதியோர் ஏற்கெனவே அறிந்துள்ள வாட்ஸ்அப் குழுவே போதும்.

வகுப்புக்கு இடமும் நேரமும் குறித்து ஒன்று. ஆடவர்க்கு இஷாவுக்குப் பின்னரும், பெண்டிர்க்கு லுஹருக்கும் அஸருக்கும் இடைப்பட்ட பொழுதும் ஏற்றவை. பள்ளிவாசலை ஒட்டிய மதரசாக் கூடங்கள் அப்பொழுதுகளில் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கின்றன. சமயம் கருதாது எல்லாரும் வந்து அமர ஊராட்சிக் கூடமோ கல்லூரியின் ஓர் அறையோ மேலும் பொருந்தும். பத்துப் பேருக்கு ஒரு தொண்டர், வாரம் நான்கு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் எனில் 200 மணி நேரம் ஓராண்டுக்குள் நிறைவுறும். முதல் நாளே கற்பவரை 'உல்லாஸ்' செயலியில் பதிவு செய்துவிட வேண்டும். இல்லையேல் ஆண்டிறுதித் தேர்வின் சான்றிதழ் அவர்க்குக் கிட்டாது. பதிவைத் தொண்டரே செய்து தருதல் நன்று. கணக்குப் பாடத்தை ஒவ்வொரு திங்களின் முதல் இரு வாரங்களில் வைத்துக்கொள்ளலாம். சம்பளச் சீட்டு கைக்கு வரும் காலம் அதுவே. அவ்வாரங்களில் வருவோர் தத்தம் சீட்டையும் கைப்பேசியையும் உடன் கொண்டுவருமாறு முன்னரே சொல்லி வைத்தல் வேண்டும்.